பெருந்தொற்று வந்தால் காப்பீட்டுக் கட்டணம்: டாக்டர்கள் அரசிடம் எப்படிக் கேட்டால் நடக்கும்?

திருமங்கலம்_நர்சிங்ஹோம்:
மதுரை, விருதுநகர் பக்கத்துச் சின்ன மருத்துவமனை டாக்டர்கள் சேர்ந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடர்பாக அரசுக்கு ஒரு மனு தயாரிக்கிறோம். அடுத்த பெருந்தொற்றுக்கான கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நோய் வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கொரோனா காலத்தில் டாக்டர் சங்கங்கள் கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? மனுவில் எந்தக் கணக்கு இருந்தால் அதிகாரிகள் அதை எடுத்துப் பேசுவார்கள்?

முன்அனுமதி_மேசை:
டாக்டர், முதலில் 2020ஐப் பாருங்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை, லேசான பாதிப்புக்கு 10 நாளுக்குச் சுமார் 2.31 லட்சம், தீவிர சிகிச்சைக்கு 17 நாளுக்குச் சுமார் 4.31 லட்சம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. தீவிர சிகிச்சை மட்டும் நாளுக்கு 25,000 தாண்டும். ஜூன் மாதம் அரசு வைத்த உச்சவரம்பு என்ன? சாதா வார்டுக்கு நாளுக்கு, திட்டத்தின் தரவரிசையில் மேலே இருக்கும் ஏ1, ஏ2 மருத்துவமனைகளில் 7,500, அதற்குக் கீழே உள்ள தரங்களில் 5,000. தீவிர சிகிச்சைக்கு 15,000. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் அவ்வளவு இடைவெளி.

2021 மே மாதம் நிலைமை மாறியது. தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைக்கான செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும் என்பது புதிய அரசின் முதல் நாள் உத்தரவுகளில் ஒன்று. அந்த மாதமே வந்த கட்டணத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கு நாளுக்கு 15,000, வென்டிலேட்டருக்கு 35,000 என்று நோயின் கடுமையைப் பார்த்துப் படி பிரித்தார்கள். என் கணிப்பில் உங்கள் மனு பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். மொட்டையாக ஒரு தொகையை நீட்டினால் அதிகாரிக்கு அதைக் குறைக்க மட்டும்தான் தெரியும். படி பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பொருள் கணக்கு காட்டினால் எதை வெட்டுகிறோம் என்று அவரே யோசிக்க வேண்டி வரும்.

ஆக்சிஜனையே எடுங்கள். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் போனால் நாளுக்கு 5,760 லிட்டர். 7,000 லிட்டர் பிடிக்கும் ஜம்போ சிலிண்டர் ஒன்று போதும். பை வைத்த முகமூடியில் 15 லிட்டர் என்றால் 21,600, அதாவது மூன்று சிலிண்டருக்கு மேல். அதிவேக மூக்குக் குழாயை முழு ஆக்சிஜனில் 60 லிட்டர் வேகத்தில் ஓட்டினால் 86,400 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டருக்கு மேல். இந்த மூன்று நோயாளிகளுக்குமே பில்லில் “ஆக்சிஜன் படுக்கை”தான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி திரவ ஆக்சிஜன் கொள்கலன் இருக்கும் இடத்துக்கு இது ஒரு செலவு, சிலிண்டர் மாற்ற ராத்திரி முழுக்க ஆள் வைத்திருக்கும் இருபது படுக்கை மருத்துவமனைக்கு வேறு செலவு. ஆக்சிஜன் படியை 5 லிட்டருக்குள், 15 லிட்டர் வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

செல்லூர்_ரசீது:
கட்டணத்தை மட்டும் பேசினால் இது டாக்டர்களின் பில் பிரச்சினையாகவே முடிந்துபோகும். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரிடம் “கவச உடைக்குத் தனியாக”, “மருந்துக்குத் தனியாக” என்று கையில் காசு வாங்க மாட்டோம் என்பதை நீங்களே மனுவில் எழுதிக் கொடுங்கள். தொகுப்புக் கட்டணத்தில், அதாவது எல்லாம் சேர்த்து வைத்த ஒரே கட்டணத்தில், எது அடங்கும், எது அடங்காது என்று ஒரு பக்கப் பட்டியல் தமிழில் வரவேற்பறையில் தொங்க வேண்டும். நோயாளி தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போடக்கூடிய மனுவுக்குத்தான் எடை இருக்கும். பரிசோதனைக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். 2021 மே மாதம் ஆர்டிபிசிஆருக்கு மற்றவர்களுக்கு 900, காப்பீட்டில் 550 என்று இருந்தது. இப்படி இரண்டு விலை இருந்தால் அட்டைக்காரரின் மாதிரி ஆய்வகத்தில் பின்னால் தள்ளப்படும் அபாயம் உண்டு. முடிவு தர ஒரே கெடு என்று கேளுங்கள்.

திருமங்கலம்_நர்சிங்ஹோம்:
நியாயம்தான், சேர்க்கிறோம். கவச உடைக் கணக்கை எப்படிக் காட்டுவது? அதில்தான் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள்.

முன்அனுமதி_மேசை:
தலைக்கு இத்தனை என்று எழுதாதீர்கள், ஷிப்டுக்கு எழுதுங்கள். உதாரணமாக, 12 படுக்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு மணி நேர ஷிப்டு நான்கு, ஒவ்வொன்றிலும் செவிலியர் 4, டாக்டர் 1, தூய்மைப் பணியாளர் 1 என்றால் நாளுக்கு 24 உடை. படுக்கை நிரம்பியிருந்தால் நோயாளிக்கு 2 உடை. நோயாளிகள் நான்கு பேர் மட்டும் இருக்கும்போது அதே பணியாளர்களை வைத்திருந்தால் நோயாளிக்கு 6. சின்ன மருத்துவமனை அடிவாங்குவது இங்கேதான். அதனால் உடையை அரசே கொள்முதல் செய்து தரட்டும், அல்லது காலிப் படுக்கைக்கு ஒரு காத்திருப்புத் தொகை தரட்டும் என்று கேட்பது, கட்டணத்தை ஏற்று என்பதைவிட எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடியது.

இன்னொன்று, கோப்பு. நாள்வாரிக் கட்டணத்தில் நோயாளி வென்டிலேட்டரிலிருந்து ஆக்சிஜனுக்கு இறங்கிய நேரம் குறிப்பேட்டில் இல்லையென்றால் அந்த நாளே குறைந்த கட்டணப் படிக்குப் போய்விடும். கவச உடைக்குள் இருந்து யார் எழுதுவது? நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்சிஜன் அளவும் கருவியின் அளவீடும் தெரியும்படி எடுத்த போட்டோவை ஆதாரமாக ஏற்க வேண்டும் என்று நிபந்தனையிலேயே கேளுங்கள்.

ஒப்பந்தம்_படிப்பவர்:
பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு அரசு போட்டு 2022 ஜனவரி 11இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். பெருந்தொற்றுச் சுமையை இதற்குள் அடக்கச் சொன்னால் காப்பீட்டு நிறுவனம் முன்அனுமதியில்தான், அதாவது சிகிச்சைக்கு முன் அது தரும் ஒப்புதலில்தான், இறுக்கும். ஆகவே பிரீமியத்துக்கு வெளியே அரசின் தனி நிதி, அது தானாகத் திறக்கும் நாள், மூடும் நாள் மூன்றையும் கேளுங்கள். திறக்கும் நாளுக்கு நல்ல அளவுகோல், பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இன்கீழ் அறிவிக்கைக்குரிய நோய் (யாருக்கு வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்) என்று அரசு அறிவிப்பது. கருப்புப் பூஞ்சையை 2021 மே மாதம் அப்படித்தான் அறிவித்தார்கள். எல்லா அறிவிக்கைக்குரிய நோய்க்கும் திறந்துவிடாமல் இருக்க, “சுகாதாரத் துறையின் தனி ஆணையுடன்” என்ற சொற்களைச் சேருங்கள். இதெல்லாம் அடுத்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுக்கும் மனு வெறும் கடிதம்தான்.

டாக்டர்களின் சொந்தப் பாதுகாப்பையும் இதோடு சேருங்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய் காப்பீட்டில், தனியார் டாக்டர் என்றால் அவரை அரசு பணிக்கு எடுத்துக்கொண்டதா என்ற கேள்வியில் பல குடும்பங்கள் சிக்கின. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 டிசம்பரில்தான் குடும்பங்களுக்குச் சாதகமான விளக்கம் வந்தது. அப்போதும் கொரோனா பணியில் இறந்தார் என்பதற்கான ஆதாரத்தை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மருத்துவமனையைப் பெருந்தொற்றுப் பணிக்கு எடுக்கும் மாவட்ட ஆட்சியர் ஆணையில் மருத்துவமனையின் பெயரோடு பணியாளர் பட்டியலும் இணைப்பாக வர வேண்டும், அதில் தூய்மைப் பணியாளரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் இருக்க வேண்டும் என்று தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். மனு சுகாதாரத் துறைச் செயலாளருக்கு, நகல் திட்ட இயக்குநருக்கும் ஆட்சியருக்கும். கணக்குத் தாளைப் பின்னிணைப்பாக வைத்து, கோரிக்கைகளை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.