ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் சேர்ந்தது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சிங்கப்பூரிலிருந்து:

விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போடலாம்?" என்றுதான். வாட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தரும் கரன்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை என்பேன். பின்பக்கம் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் கீழ்ஸ்தாயியிலிருந்து உச்சம்வரை அது 8 ஓமாகவே இருக்காது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 802 டி3-க்கு 8 ஓம், குறைந்தபட்சம் 3 ஓம் என்று தயாரித்தவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த 3 ஓம் வரும் இடத்தில், 8 ஓமுக்குக் கொடுப்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் கரன்ட்டை ஆம்ப் தந்தாக வேண்டும்.

இங்கே கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்று ஒரு கட்டடம். ஹைஃபை கடைகளுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு கடையில் இந்த ஸ்பீக்கரை இரண்டு ஆம்பில் மாற்றி மாற்றிக் கேட்டேன். நான் கொண்டுபோனது ஒரு கச்சேரிப் பதிவு. முதலில் வால்வ் ஆம்ப், கண்ணாடிக் குழல்களால் இயங்கும் பழைய பாணி. குரல் அத்தனை சுகம், தம்பூரா அறை முழுக்க நிறைந்தது. தனி ஆவர்த்தனம் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவு. ஆனால் இடப்பக்கமான தொப்பியில் கையை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கி மட்டும் வீங்கிப்போய், அடுத்த அடி விழும்வரை அடங்காமல் நின்றது. அப்புறம் ஒரு கனமான டிரான்சிஸ்டர் ஆம்பை இணைத்தார்கள். சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லிக் கேட்டேன். அதே கும்கி தோலின் இழுவையோடு எழும்பியது, கை எடுத்த இடத்தில் நின்றது.

காரணம் இதுதான். பெரும்பாலான வால்வ் ஆம்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்தத் தடை) டிரான்சிஸ்டர் ஆம்பைவிட அதிகம். அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் சத்தம் கொஞ்சம் கூடும், இறங்கும் இடத்தில் குறையும். கீழ்ஸ்தாயியைப் பாடும் வூஃபரைப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளரும். இம்பீடன்ஸ் ஏற்ற இறக்கமில்லாத ஸ்பீக்கராக இருந்தால் இதே வால்வ் ஆம்ப் அருமையாகப் பாடும். ஆகவே வால்வ் மட்டம், டிரான்சிஸ்டர் உசத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த ஸ்பீக்கரோடு என்பதுதான் கேள்வி.

விவரத்தாளில் நான் தேடுவது ஒரே வரி: 8 ஓமில் எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை வாட். 100 என்பது 200-க்குப் பக்கத்தில் போனால் பவர் சப்ளை தெம்பானது. 120-ல் நின்றுவிட்டால் 3 ஓம் ஸ்பீக்கரோடு அதைச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

என்னிடம் இருப்பது எல்எஸ்3/5ஏ, பழைய 15 ஓம் ரகம். பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் வடிவமைத்த சின்னப் பெட்டி. சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம், 82, 83 டெசிபல்தான். வாட் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் "இதற்கு 200 வாட் வேண்டும்" என்பார்கள். எனக்குப் பொருந்தியது 16 ஓம் முனை உள்ள ஒரு சின்ன வால்வ் ஆம்ப். இம்பீடன்ஸ் உயரம் என்பதால் கரன்ட் அதிகம் கேட்பதில்லை, சார் சொன்ன தொந்தரவு பெரும்பாலும் இல்லை. ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்து கேட்டால் பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். நாதஸ்வரக் கச்சேரியை மண்டபத்தில் கேட்கிற அளவுக்கு வைக்க இந்தப் பெட்டியால் முடியாது. அதை எதிர்பார்த்து வாங்கவே கூடாது.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், எதிரே கண்ணாடி ஜன்னல். எந்த ஆம்ப் வைத்தாலும் 'ச', 'ஷ' எல்லாம் குத்தும். தரையில் தடித்த பவானி ஜமக்காளம் இரண்டு விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்ட பிறகுதான் ஆம்புகளுக்கிடையே உள்ள வேறுபாடே காதில் பிடிபட்டது. ஆம்ப் மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

ஒரு சந்தேகம்: இதோடு ஆழமான பாஸுக்கென்று தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபர் சேர்த்தால் குரலின் தெளிவு கெடுமா?

லண்டனிலிருந்து:

அண்ணை, நீங்கள் கதைப்பது ஆம்பின் தெம்பு போதாத கதை. தெம்பு கூடினாலும் ஆபத்து என்பதற்கு என் வீட்டில் இருக்கிற குவாட் ஈஎஸ்எல் சாட்சி. 1957-இல் வந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர், மெல்லிய படலத்தை மின்னழுத்தத்தால் அசைத்துப் பாடுவது. கீழே இம்பீடன்ஸ் உயரமாக இருக்கும், மேலே போகப் போக விழுந்து 2 ஓமுக்கும் கீழே வரும். அந்தக் காலத்தில் அதோடு பாவித்த குவாட்டின் வால்வ் ஆம்ப் 15 வாட்தான். 33 வோல்ட் உச்சத்துக்கு மேலே கொடுத்தால் உள்ளே தீப்பொறி பறந்து தகடு பழுதாகிவிடும். பிறகு குவாட் 405 என்ற 100 வாட் ஆம்ப் வந்தபோது, இந்த ஸ்பீக்கரோடு பாவிப்பவர்களுக்கு அதன் வோல்டேஜை மட்டுப்படுத்த வேண்டியிருந்தது. இப்ப யாராவது பழைய ஈஎஸ்எல் வாங்கினால், ஆம்பின் வாட்டைப் பார்த்து ஆசைப்படாமல் இந்த 33 வோல்ட்டை மனத்தில் வையுங்கோ.

பெங்களூரிலிருந்து:

எனக்கு நேர்ந்தது வேறு விதம். ஸ்பீக்கர் க்ளிப்ஷ் லா ஸ்காலா. சென்சிட்டிவிட்டி 105 டெசிபல் என்று நிறுவனமே போட்டிருக்கிறது. அதாவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு கொடுத்தாலே ஒரு மீட்டரில் 85 டெசிபல், வீட்டில் கேட்க அதுவே தாராளம். வாட் ஒரு பிரச்சினையே இல்லை. இரைச்சல்தான் பிரச்சினை.

பாட்டு இல்லாதபோது ஹார்னிலிருந்து 'ஸ்ஸ்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வால்யூமைத் தொட்டவுடன் அலறும், அதைவிடக் குறைத்தால் இடது பக்கம் மட்டும் பாடும். பலரும் டாக்கை (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் கருவி) மாற்றச் சொன்னார்கள். டாக்கில் குறையே இல்லை. பொதுவாக டாக் 2 வோல்ட் தரும். என் ஆம்போ அரை வோல்ட்டிலேயே முழுச் சக்திக்குப் போய்விடும். நடுவே 12 டெசிபல் குறைக்கும் ஒரு ஜோடி அட்டென்யுவேட்டர் போட்டதும் 2 வோல்ட் அரை வோல்ட் ஆயிற்று. வால்யூம் நாப் நடுவுக்கு வந்தது, இரண்டு பக்கமும் சமமாயிற்று.

இரைச்சலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, உச்சஸ்தாயியைப் பாடும் ட்வீட்டரிடம் காதை வையுங்கள். அப்போதும் அதே இரைச்சல் இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால், பவர் ஆம்பில் பிறக்கிறது. முன்னால் எதை மாற்றியும் போகாது. என் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அட்டென்யுவேட்டரால் அது போகவில்லை, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைந்த, அமைதியான ஒரு சின்ன ஆம்ப் வந்த பிறகுதான் போனது. இந்த ஸ்பீக்கருக்கு 300பி வால்வ் போட்ட 8 வாட் ஆம்பே போதும். முதல் ஒரு வாட் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சியிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்புகள் தரமானவை, விலையும் சகாயம். ஆனால் அந்நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட்டுக்கானவை. எனக்கு ஒன்றைக் காட்டிய வியாபாரி "பிளக் மட்டும் மாற்றினால் போதும் சார்" என்றார். பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று தெளிவாக இருந்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால் அங்கேயே கருகியிருக்கும். தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அதுவும் ஆம்ப் இழுக்கும் வாட்டுக்கு நிறைய மேலே தாங்குவதாக வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து:

பெங்களூர் நண்பர் சொன்ன அரை வோல்ட் கணக்கைக் கட்டாயம் எல்லாரும் தங்கள் வீட்டில் பாருங்கள். டாக்கைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு அங்கேதான் கோளாறு இருக்கும்.

சென்சிட்டிவிட்டி எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நிறையப் பேர் 2.83 வோல்ட்டில் அளந்து போடுகிறார்கள். 8 ஓமுக்கு அது ஒரு வாட். 4 ஓமுக்கு இரண்டு வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் தாளில் 89 என்று கண்டால் 3 டெசிபலைக் கழித்து 86 என்று வைத்துக்கொண்டு ஆம்பைத் தேடுங்கள். அந்த 3 டெசிபலை ஈடுகட்டவே இருமடங்கு வாட் வேண்டும்.

கோவை நண்பருக்கு: குரல் கெடாது, சப்வூஃபரை எங்கே வெட்டுகிறீர்கள், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதைப் பாட விடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸ் அளவில் ஆரம்பித்துக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஆண் குரலை வைத்துச் சோதியுங்கள். குரல் தரையிலிருந்து வருகிற மாதிரி தோன்றினால் இன்னும் இறக்க வேண்டும் என்று அர்த்தம். மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், உங்கள் சிமென்ட் சுவர் அதை இரண்டு பங்காக்கிக் காட்டும். முடிந்தால் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஆழமான பாஸ் போகாமல் ஒரு ஃபில்டர் போடுங்கள். வூஃபருக்கும் வால்வ் ஆம்புக்கும் சுமை குறையும், நாதஸ்வரத்தையும் இப்போதைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கலாம்.