புதுப்பிப்பு: 150 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி நேரமே தாங்கியது ஏன்?

காரைக்குடியில் உள்ள எங்கள் வீட்டு இன்வெர்ட்டர், கையேடு சொன்ன நாலரை மணி நேரம் தாங்காமல் இரண்டரை மணி நேரத்திலேயே அணைந்துவிடுகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பேட்டரி நீரைச் சரிபார்த்ததில் மாற்றமில்லை. ஒட்டுச்சீட்டில் ‘சி20’ என்று இருக்கிறதா பார்க்கச் சொன்ன நண்பரே சரியாகப் பிடித்தார். பொடி எழுத்தில் அது இருந்தது. அதாவது, 20 மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 முழுமையாகக் கிடைக்கும். எங்கள் வளவிலும் முகப்பிலும் ஓடும் நான்கு பழைய மின்விசிறிகள், விளக்குகள், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து 400 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் கூட்டினால் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் வரை போகிறது, அந்த வேகத்தில் ஈய-அமில பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. கையேட்டில் பேட்டரியின் 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கி 400 வாட்டால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவே. பொய்யில்லை, ஆனால் எந்த வீட்டிலும் நடக்காத கணக்கு.

இன்னொருவர் சொன்னபடி நான்கு விசிறிகளையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினேன். பெட்டியில் 28 வாட் என்று இருந்தது. மீட்டரில் முழு வேகத்தில் 31 காட்டியது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது ஐந்து மணி நேரம் ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: பழைய ரெகுலேட்டர் வழியே இணைத்தபோது முகப்பு விசிறி விட்டுவிட்டுச் சுற்றியது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்த பிறகே சரியானது.