‘எரகான்’ டிராகன் நாவல்: மேலே படிக்கலாமா?

அம்பை செல்வி:
அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். கிறிஸ்டோபர் பவோலினியின் ‘எரகான்’ நாவலைக் கொண்டுவந்து, “சித்தி, படிச்சிட்டுச் சொல்லுங்க, பேசணும்” என்று கையில் திணித்துவிட்டான். ப்ராம் கிழவரோடு கதாநாயகப் பையன் எரகான் ஊரை விட்டுக் கிளம்பும் இடம்வரை வந்திருக்கிறேன். எழுதத் தொடங்கும்போது ஆசிரியருக்குப் பதினைந்து வயதுதானாம். ‘எல்லாம் பார்த்த கதைதான்’ என்கிறார் கூட வேலை பார்ப்பவர். மேலே படிக்கலாமா? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாளை வாசகன்:
நிறுத்தாதீங்க செல்வி.

பார்த்த கதை என்பது சரிதான். பெற்றோர் இல்லாத பையன், வயதான குரு, கொடுங்கோல் அரசன், மந்திர வாள். ஆனால் அந்தப் பையனும் அவனுடைய டிராகன் சஃபிராவும் சேர்ந்திருக்கும் பக்கங்களை எனக்கு வேறு யாரும் எழுதித் தரவில்லை. அவள் முதல்முறை அவனைத் தூக்கிக்கொண்டு பறந்ததைப் படித்திருப்பீர்கள். செதில் உரசித் தொடையின் உள்பக்கம் முழுக்கத் தோல் உரிந்துவிடுகிறது. இறங்கினால் நடக்க முடியவில்லை. அதே நேரத்தில் வீட்டில் தாய்மாமாவுக்கு என்ன ஆச்சோ என்ற தவிப்பு வேறு. பறப்பதை முதலில் வலியாகக் காட்டிவிட்டு, அப்புறம்தான் ப்ராம் தோலை வெட்டிச் சேணம் தைக்கிறார். அந்தச் சேணத்துக்காகவே எனக்கு இந்த ஆசிரியரைப் பிடிக்கும்.

அந்தத் தாய்மாமாவின் மகன் ரோரன், மில் வேலைக்குப் போகும் இடமும் அப்படித்தான். கல்யாணம் பண்ணக் காசு சேர்க்க வேண்டும், நிலத்தை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போகிறான். எங்கள் தாத்தா வயலை விட்டு விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குப் போனவர். அந்த அத்தியாயத்தை என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை.

இனி நீங்கள் படிக்கப்போகும் பகுதியில் மந்திரத்துக்கு ஒரு விதி வரும். கையால் செய்தால் எவ்வளவு தெம்பு செலவாகுமோ, மந்திரத்தால் செய்தாலும் அவ்வளவு செலவாகும். அளவு மீறினால் உயிரே போய்விடும். அதனால் ஒவ்வொரு சண்டையிலும் நமக்கும் மூச்சு வாங்கும்.

குறை என்றால் நடுப்பகுதி. ஊர் ஊராகப் போகிறார்கள். டிராகனை ஊருக்குள் கூட்டிப்போக முடியாது, சஃபிரா வெளியே ஒளிந்திருக்கிறாள். அவள் இல்லாத பக்கங்கள் எல்லாம் சவசவ என்று போகும். அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்னொன்று. 2002இல் குடும்பமே சொந்தமாக அச்சடித்து விற்ற புத்தகம் இது. கார்ல் ஹியாசன் என்ற எழுத்தாளருடைய மனைவியின் மகன், சின்னப் பையன், படித்துவிட்டு அவரிடம் சொல்ல, அவர் பதிப்பகத்தில் சொல்லி, 2003இல் பெரிய அளவில் வெளிவந்தது. உங்கள் அக்கா மகன் செய்ததும் அதே வேலைதான்.

தென்காசிக்காரன்:
அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். டிராகன் சவாரி என்றால் 1968இல் ஆன் மெக்காஃப்ரி எழுதிய ‘டிராகன்ஃப்ளைட்’தான். அங்கே டிராகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்து பயிர் பச்சையை அழிக்கும் இழைகளை எரிக்க வேண்டும். நெருப்பு கக்க முதலில் ஒருவகைக் கல்லை மெல்ல வேண்டும். சஃபிரா யாருக்காகப் பறக்கிறாள்? அந்தப் பையன் ஒருத்தனுக்காக.

பாளை வாசகன்:
தம்பி, அதுவும் நல்ல நாவல், மறுக்கவில்லை. ஆனால் அங்கே குஞ்சு பொரித்த நொடியிலிருந்து டிராகனுக்குத் தன் ஆள்மேல் கண்மூடித்தனமான பாசம். சஃபிரா அப்படி இல்லை, கோபப்படுவாள், முகத்துக்கு நேரே தப்பைச் சொல்லுவாள். தனக்கென்று ஒரு மனசு இருக்கிற பிராணிமேல் ஏறிப் போவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அம்பை செல்வி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்றைக்கே தொடர்கிறேன். அக்கா மகனுடைய தம்பி நாலாவது படிக்கிறான், அவனும் கேட்கிறான். கொடுக்கலாமா?

பாளை வாசகன்:
இப்போது வேண்டாம். யாஸுவாக் என்று ஒரு கிராமம் வரும், அங்கே கொன்று குவித்துப் போட்டிருப்பதில் கைக்குழந்தையும் உண்டு. பெரியவன் தாங்கிக்கொள்வான். சின்னவனுக்கு முட்டையிலிருந்து சஃபிரா வெளியே வருகிற அத்தியாயத்தை மட்டும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.