கிண்டி சிறுவர் பூங்காவில் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

கேள்வி:
வணக்கம். ஐந்தாம் வகுப்பு மாணவர்களைச் சென்னை கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். கூண்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இல்லாமல், அவர்கள் தாமாகவே கவனித்துக் கற்கும்படி அந்த அரைநாளை எப்படி அமைக்கலாம்?

மறுமொழி 1:
ஆசிரியருக்கு வணக்கம். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில்தான் சிறுவர் பூங்கா இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். நகரத்தின் நடுவே இப்படியொரு காடு எஞ்சியிருப்பதே பெரும்பேறு. பிறகு வெளிமானையும் புள்ளிமானையும் ஒப்பிட வையுங்கள். ஆண் வெளிமானின் முறுக்கிய கொம்பு கிளைப்பதில்லை. எலும்பின்மேல் உறைபோல வளரும் அது ஆயுள் முழுவதும் உதிராது. ஆண் புள்ளிமானின் கொம்போ முழுக்க எலும்பு. கிளைத்து வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். வளரும் பருவத்தில் மென்மயிர் போர்த்திய தோல் அதை மூடியிருக்கும். நீங்கள் விளக்குவதற்கு முன்பே இரண்டையும் வரையச் சொன்னால், வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மறுமொழி 2:
மான்களோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆலமரம் கண்ணில் பட்டால், கீழே விழுந்த பழம் ஒன்றைப் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். ஆலமரத்தின் பூக்கள் அந்தக் காய்க்குள்ளேயேதான் மலர்கின்றன. கடுகைவிடச் சிறிய குளவி உள்ளே நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கிறது. ஆலமரம் ஏன் பூப்பதில்லை என்று கேட்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. விலங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாதென்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வரைதாள்களையும் கண்ணாடிகளையும் இன்றே ஏற்பாடு செய்கிறேன்.