ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: அகடமிக் வினைச்சொற்களை எங்கிருந்து தொடங்குவது?

அஸ்தம்பட்டி நிலா:
ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல மேல்படிப்புக்கான அகடமிக் பிரிவை எழுத இன்னும் எட்டு வாரம் இருக்கு. ரைட்டிங்ல வினைச்சொல்தான் இடிக்குது. அகடமிக் வேர்ட் லிஸ்ட்ல இருக்கிற 570 சொற்குடும்பத்தையும் (ஒரே வேர்ல இருந்து வர்ற சொற்கள் ஒரு குடும்பம்) மனப்பாடம் பண்ணணுமா? அர்த்தம் நல்லாத் தெரிஞ்ச சொல்லை வாக்கியத்துல போட்டாலும் சிவப்பு மை விழுது. ஏன்னு புரியல.

ஏற்காடு அடிவாரம்:
முழுசும் வேண்டாம்மா. 2000-ல ஏவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட பட்டியல் அது. மொத்தம் 10 பகுதி. கல்வி நூல்கள்ல அதிகம் புழங்குற சொற்கள் முதல் பகுதியில இருக்கும். முதல் ரெண்டு பகுதி சேர்ந்தா 120 குடும்பம். அதுல வினைகளை மட்டும் பொறுக்கி எடுங்க, நாளுக்கு அஞ்சு போதும். அன்றாடப் புழக்கச் சொற்களை அந்தப் பட்டியல்லயே கழிச்சிருக்காங்க. அதனால வரைபடத் தரவை விவரிக்கிற டாஸ்க் ஒன்னுக்கு உயிரான ரைஸ், ஃபால் ரெண்டும் அதுல கிடையாது, தனியா எழுதிச் சேர்த்துக்கணும்.

சிவப்பு மைக்குக் காரணம் பெரும்பாலும் தன்வினை, பிறவினை. பள்ளிக்கூடத்துல படிச்ச அதேதான். உயர்ந்தது என்றால் ரோஸ், உயர்த்தியது என்றால் ரெய்ஸ்ட். குறைந்ததுக்கு டிக்ளைன்ட், குறைத்ததுக்கு ரெட்யூஸ்ட். 'அரசு விலையைக் குறைத்தது' என்ற இடத்துல டிக்ளைன்ட் போட்டா, அரசு அந்த விலையை ஏத்துக்கலைன்னு அர்த்தம் மாறிடும். அக்கர் என்பது 'நிகழ்', தன்வினை மட்டும்தான். 'வாஸ் அக்கர்ட்'னு எழுதவே கூடாது. இன்க்ரீஸ் ரெண்டு பக்கமும் செல்லும். நோட்டுல ஒவ்வொரு வினைக்குப் பக்கத்துலயும் 'குறைந்ததா, குறைத்ததா'ன்னு கேட்டுக் குறிச்சு வைங்க.

செவ்வாய்ப்பேட்டை:
பின்னால வர்ற சின்னச் சொல்லையும் சேர்த்தே படிங்க. மேட்டூர் நீர்மட்டம் 100 அடியிலிருந்து 80-க்கு இறங்கினா 'ஃபெல் டு 80', இல்லேன்னா 'ஃபெல் பை 20'. 'ஃபெல் டு 20'ன்னு எழுதினா அணையில 20 அடிதான் மிச்சம்னு ஆகும். அது இலக்கணப் பிழையோட நிக்காது, தரவே தப்பாகி, கேட்டதைச் சரியா எழுதினதுக்குத் தர்ற டாஸ்க் அச்சீவ்மென்ட் மதிப்பெண்ணும் போகும். பெயர்ச்சொல்லா மாத்தினா எது குறைஞ்சதோ அதுக்கு இன், எவ்வளவுக்கு ஆஃப்: 'எ டிக்ளைன் ஆஃப் 20 ஃபீட் இன் த வாட்டர் லெவல்'.

தமிழ்ல 'அதைப் பற்றி விவாதித்தனர்'னு சொல்லிப் பழகின வாய்க்கு 'டிஸ்கஸ் அபவுட்' தானா வரும். அந்த அபவுட் வேண்டாம். எம்ஃபசைஸுக்கு ஆன் வேண்டாம். கன்சிஸ்ட்டுக்கு ஆஃப் கட்டாயம்.

அஸ்தம்பட்டி நிலா:
ரொம்ப நன்றிங்க. அக்கவுன்ட் ஃபார் (மொத்தத்துல இவ்வளவு பங்குன்னு சொல்றது) மட்டும் எப்பவும் தலைகீழாப் போகுது.

ஏற்காடு அடிவாரம்:
'இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகாவில் விளைகிறது'ன்னு தமிழ்ல சதவீதம் முன்னால வருது. அதே வரிசையில எழுதினா கவிழ்ந்துடும். 'கர்நாடகா அக்கவுன்ட்ஸ் ஃபார் அபவுட் 70 பர்சென்ட் ஆஃப் இந்தியாஸ் காஃபி'. இடம் முதல்ல, பங்கு பிறகு.

செவ்வாய்ப்பேட்டை:
கருத்தை வாதிட்டுக் கட்டுரை எழுதுற டாஸ்க் டூவுக்கு டாஸ்க் ஒன்னைப் போல ரெண்டு மடங்கு மதிப்பு. அதனால இந்த வாரமே ஆர்க்யூ, சஜஸ்ட், இன்டிகேட் மூணையும் பிடிங்க. ஒரே ஒரு உதாரணத்தைக் காட்டிட்டு ப்ரூவ் (நிரூபிக்குது) போடாதீங்க, அங்க சஜஸ்ட் (கோடிகாட்டுது) போதும்.