திரையில் வந்த மாரியம்மன்: பயிற்சிக்கு வெளிநாடு போன நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைகளே, உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

லயத்துப் பிள்ளை

போன ஆடி மாதத்துக் கதை. இன்னும் தூக்கத்தில் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

பெர்லினில் படித்துக்கொண்டே ஒரு சின்ன டிசைன் ஸ்டூடியோவில் கட்டாயப் பயிற்சி. ஒன்பது பேர்தான். செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை. எல்லாம் வெள்ளை, சாம்பல், ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அதே நேரம் நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடித் திருவிழா பேனரும் நான்தான் செய்துகொண்டிருந்தேன். பத்தடிக்கு நாலடி. காசு பேசவில்லை, அப்பா கேட்டார், அவ்வளவுதான்.

கோடையில் மலேசியாவில் இரவு பத்து என்றால் பெர்லினில் மாலை நான்கு. கமிட்டி மாமாக்கள் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் திருத்தம் அனுப்பும் நேரமெல்லாம் எனக்கு ஆபீஸ் நேரம். "அம்மனுக்குப் பின்னாடி ஒளி இன்னும் அடிக்கணும்மா." "செயலாளர் படம் தலைவர் படத்தைவிட பெரிசா தெரியுது." இப்படியே இருபது திருத்தம்.

ஒரு நாள் வாடிக்கையாளர் கூட்டத்தில் என் திரையைச் சுவரில் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். வேறு ஜன்னல் திறந்துவிட்டது. சுவர் முழுக்க அம்மன். சிவப்பு, மஞ்சள், எலுமிச்சை மாலை, கீழே வரிசையாகப் பதினோரு மாமாக்கள். பக்கத்தில் லேயர் பட்டியல், அதாவது படத்தின் அடுக்குகளுக்கு நான் வைத்த பெயர்கள் வேறு: "தலைவர் மாமா தலை 7", "தலைவர் மாமா தலை 7 கடைசி", "தலைவர் மாமா தலை 7 கடைசி உண்மையா".

மேலாளர் அம்மா கேட்டார், இது நீ செய்ததா என்று. நான் சொன்னேன்: "இல்லை, ஊரிலிருந்து யாரோ அனுப்பினது."

அவர் எழுந்து சுவர்கிட்டே போய் நின்று பார்த்தார். யார் செய்திருந்தாலும் நிறத்துக்குப் பயப்படாத ஆள் என்றார். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஜன்னலை மூடிவிட்டு நீலக் கோட்டைக் காட்டினேன்.

செம்பனைக் குலை

எனக்கு சிங்கப்பூர். மூன்று மாதப் பயிற்சி, அனிமேஷன். 14ஆவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கும்போது ஒரு வாடிக்கையாளர், நம்ம ஆள், "தம்பிக்கு மலேசியாவில் எந்த ஊரு?" என்றார். "ஈப்போ" என்றேன். நம்ம ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து எஸ்டேட்டா என்று கேட்பார்கள், அந்தப் பேச்சே வேண்டாம் என்று. அவர், "நான் சுங்கை சிப்புட்டுப்பா, அங்கே தமிழ்ப்பள்ளியில்தான் படிச்சேன்" என்றார். அப்போது ஒன்பதாவது மாடி. மீதி மாடியெல்லாம் எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஈப்போவில் எங்கே என்று அவர் கேட்காமல் விட்டதுதான் இன்னும் குத்துகிறது. தெரிந்துதான் விட்டார்.

தண்டல் பேரன்

லயத்துப் பிள்ளை, நீங்கள் வெட்கப்பட்டு மறைத்ததாக நினைக்கிறீர்கள். சட்டப்படியும் அடக்கி வாசித்தது நல்லதுதான். ஜெர்மனியில் மாணவர் விசாவில் இருப்பவர் சம்பள வேலை பார்க்கலாம், 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள். ஆனால் சொந்தமாகத் தொழில் செய்ய, அதாவது ஃப்ரீலான்ஸ் பண்ண, வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கோயில் வேலை, காசு வாங்கவில்லை, சரி. நாளைக்கு யாராவது நூறு ரிங்கிட் கொடுத்தால்? பிரிட்டனில் இன்னும் கடுமை, மாணவர் விசாவில் சொந்தத் தொழிலே கூடாது.

கட்டாயப் பயிற்சிக்கு அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்பதையும் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ளுங்கள். படிப்போடு சேர்த்து விரும்பிப் போகும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் பொருந்தும். 'பெர்லின்ல சம்பளம்' என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் நிற்காதீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ (2025 நிலவரம்) காட்ட வேண்டும். அப்பாவின் ஈபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

அடுத்து பேனர். பத்தடிக்கு நாலடி பேனரை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) செய்து கணினியைத் திணற வைக்காதீர்கள். முழு அளவில் 100 போதும், 12,000க்கு 4,800 பிக்சல். பிரிண்டுக்கு சிஎம்ஒய்கே, அதாவது அச்சு மையின் நான்கு நிற முறை. திரையில் எரியும் அந்தச் சிவப்பு துணியில் அப்படியே வராது. முக்கியமாக, தமிழ் எழுத்தை அவுட்லைன் ஆக்கிவிட்டு, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். கடைக்காரர் கணினியில் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். இன்டிசைன் மென்பொருள் என்றால், தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

என் அனுபவம்: ஹம்பர்க், 2019, ஆறு மாதம், குளிர்.

பால்வாளி

கொம்பு என்றதும் எழுத வேண்டியதாகிவிட்டது.

மெல்பர்னில் ஒரு கண்காட்சிக் கூடம், நான் பயிற்சியாளர். நுழைவுச் சுவரில் பல மொழிகளில் வரவேற்பு, வினைல் ஒட்டெழுத்து. ஒட்டி முடித்த பிறகுதான் நான் பார்த்தேன். கொம்பெல்லாம் எழுத்துக்கு வலப்பக்கம். 'மொழி' என்ற சொல்லில் ம முன்னால் நிற்கிறது, கொம்பு அதற்கும் காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. பொறுப்பாளரிடம் சொன்னேன். மறுநாள் காலை திறப்பு, மறுபடி வெட்ட நேரமில்லை, யாருக்கும் தெரியாது என்றார். எனக்குத் தெரிகிறதே!

எல்லோரும் போன பிறகு ஏணி, சின்னக் கத்தி, ஹேர் டிரையர். சூடு காட்டி, நுனியை நெம்பி, ஒரு கொம்பை முழுசாக உரித்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு சுருண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ம-வுக்கு இடப்பக்கம் வைத்துத் தேய்த்தேன். சொல்லின் முதலெழுத்து என்பதால் முன்னால் இடைவெளி இருந்தது, உட்கார்ந்துவிட்டது. இப்படி ஐந்து. சொல்லின் நடுவில் இருந்த இரண்டுக்கு இடமே இல்லை. நகர்த்தினால் வரி முழுவதையும் நகர்த்த வேண்டும். விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் அந்த இரண்டும் அப்படியே இருந்தன. தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் காபி வாங்கப் போவேன். மேக் கணினியில் வரும் இணைமதி எழுத்துருவைச் செய்த முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரர். அந்த நாட்டிலிருந்து போன நான் இரண்டு கொம்புக்கு வழி தெரியாமல் நின்றேன்.

செம்பனைக் குலை

தண்டல் பேரன் அண்ணே, அந்தப் பொண்ணு விசாவையா கேட்டது? மேலாளர் சுவர்கிட்டே போய் நின்றதைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் டிபிஐ பாடம் எடுக்கிறீர்கள். ஹம்பர்க் கதையை எழுதுங்கள்.

தண்டல் பேரன்

கதை இருந்தால் எழுதமாட்டேனா தம்பி. ஆறு மாதமும் பட்டன் அளவு மாற்றினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, லயத்துப் பிள்ளை, அந்த எழுத்தை அவுட்லைன் ஆக்கித்தானே அனுப்பினீர்கள்?

லயத்துப் பிள்ளை

இல்லை அண்ணே. அன்றைக்கு இருந்த படபடப்பில் அப்படியே ஃபைலை அனுப்பிவிட்டேன். திருவிழா அன்று அப்பா படம் அனுப்பினார். மாமாக்கள் பதினோரு பேரும் பளிச்சென்று இருந்தார்கள். 'கோயில்' மட்டும், பால்வாளி அக்கா சொன்ன மாதிரியே, க தனியாக முன்னால் நிற்க கொம்பு பின்னால். கமிட்டியில் ஒருவரும் கவனிக்கவில்லை. "மக செஞ்சது" என்று அப்பா எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.