மழையிலும் மார்கழிப் பனியிலும் மிதிவண்டி ஓட்டும்போது பாதம் நனைந்து மரத்துப்போகிறது: என்ன செய்யலாம்?

லத்தேரி வாசி:

அனைவருக்கும் வணக்கம். விடியற்காலை 5 மணிக்கு லத்தேரியிலிருந்து மிதிவண்டியில் கிளம்பி, காட்பாடியில் ரயில் பிடித்து வேலைக்குச் செல்பவன் நான். ஐப்பசி முதல் இரண்டு தொல்லைகள் இருந்து வருகின்றன. மழை நாட்களில் கேன்வாஸ் ஷூ முழுவதும் ஊறிவிடுகிறது. மாலையில் திரும்பும்போதும் அந்த ஈரம் காய்வதில்லை. கழற்றிப் பார்த்தால் பாதத்தின் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. சுண்டுவிரல் இடுக்கில் அரிப்பும் தொடங்கியுள்ளது. மழை விட்டு மார்கழிப் பனி இறங்கிய பிறகோ, காட்பாடி மேம்பாலத்தை அடைவதற்குள் விரல்கள் மரத்து, பெடல் காலடியில் இருப்பதே தெரியாமல் போகிறது. இரண்டு ஜோடி பருத்திக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் மரப்பு இன்னும் கூடுகிறது. ஷூவுக்குள் பிளாஸ்டிக் பை போடலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரிதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அப்பா சர்க்கரை நோயாளி. அவரும் விடியலில் ரப்பர் செருப்போடு மிதிவண்டியில் சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறார். திரும்பி வந்ததும் கால் சில்லிட்டிருக்கிறது என்று வெந்நீரில் காலை வைத்துக்கொள்கிறார். அதைத் தொடரலாமா?

பாகாயம் மிதிவண்டிக்காரர்:

தம்பி, அப்பாவின் விஷயத்தை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்லட்டும். மற்றதை நான் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் மழைக்கால விடியலில் காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அந்த அளவில் உலர்ந்த கால் மரத்துப்போவதில்லை, நனைந்த கால்தான் மரத்துப்போகும். நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஈரத் துணியின்மேல் எதிர்காற்று அடிக்கும்போது, ஆவியாகும் ஒவ்வொரு துளியும் தனக்குத் தேவையான வெப்பத்தை உங்கள் பாதத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே தடித்த காலுறையைத் தேடுவதற்கு முன்பாக, ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

வானத்திலிருந்து விழுவதைவிட, முன்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர்தான் பாதத்தை அதிகம் நனைக்கிறது. உங்கள் முன் மட்கார்டின் கீழ்முனை தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்கி நின்றால், அந்தத் தண்ணீர் நேராகக் கால்விரல்மேல்தான் வந்து விழும். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மேலே மட்கார்டின் அகலமும் கீழே ஒரு கையகலமும் இருக்கும்படி அதை விரித்து வெட்டி, மட்கார்டின் உட்புறத்தில் இரண்டு சிறிய போல்ட் போட்டு முடுக்கி, அதன் நுனி தரைக்கு நான்கு விரல் உயரத்தில் தொங்குமாறு விடுங்கள். மெல்லிய டியூப் காற்றில் மடங்கிச் சக்கரத்தோடு உரசும் என்பதால் தடித்த துண்டாகப் பார்த்து எடுங்கள். பழைய கறுப்பு மிதிவண்டிகளில் முழு மட்கார்டும் செயின் மூடியும் இருந்தன. இப்போது விற்கும் கியர் வண்டிகள் பலவற்றில் இரண்டும் இருப்பதில்லை. நம் மழைக்கு அது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

தண்ணீர் மேலிருந்தும் இறங்கும். மழைக்கால்சட்டையின் விளிம்பை ஷூவுக்குள் செருகினால், காலில் வழியும் நீர் அனைத்தும் ஷூவில் போய்த் தேங்கும். விளிம்பை ஷூவுக்கு வெளியே விட்டு, கணுக்காலில் ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் செயினிலும் மாட்டாது.

புயல் மழைக்கு எந்த ஷூவும் தாங்காது. அன்றைக்குக் குதிகாலில் வார் உள்ள ரப்பர் சாண்டலை அணிந்து வெறுங்காலாகவே ஓட்டிச் செல்லுங்கள்; ஷூ, காலுறை, சிறு துண்டு ஆகிய மூன்றையும் பையில் நனையாமல் கொண்டுபோய், ரயில் நிலையத்தில் காலைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நம் மழைக்குளிரில் ஒரு மணி நேரம் திறந்த கால் தாங்கும். நாள் முழுவதும் ஊறிய ஷூவைத்தான் கால் தாங்காது.

பிளாஸ்டிக் பையைப் போடலாம், ஆனால் போடும் முறை இருக்கிறது. மெல்லிய காலுறைக்கு மேலேயும் ஷூவுக்கு உள்ளேயும் அது இருக்க வேண்டும். ஷூவுக்கு வெளியே கட்டினால் பெடலில் வழுக்கும். காற்றையும் நீரையும் தடுக்கும் அதே பை வியர்வையையும் உள்ளேயே அடைத்துவிடுவதால், போய்ச் சேர்ந்தவுடன் பையைக் கழற்றி, காலுறையையும் மாற்றிவிட வேண்டும்.

மார்கழி மரப்புக்கு வருவோம். இரண்டு ஜோடி காலுறைகளைத் திணித்ததால் ஷூ பாதத்தை இறுக்குகிறது. இறுகிய பாதத்துக்கு இரத்தம் சரியாகச் செல்லாது. விரல்களை ஷூவுக்குள் மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். புறங்காலின்மேல் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால், உடல் தன் நடுப்பகுதியைக் காக்க வேண்டிக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். நம் பால்காரர்கள் தலையையும் காதையும் துண்டால் கட்டிக்கொள்கிறார்களே, அது காலுக்கும் சேர்த்துத்தான் உதவுகிறது.

ராணிப்பேட்டை தோல் தொழிலாளி:

ஷூவை உலர்த்துவது பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நனைந்ததைவிட அவசரமாக உலர்த்தியதால் கெட்ட ஷூக்களே நான் பார்த்ததில் அதிகம். அடுப்போரத்திலோ உச்சி வெயிலிலோ வைக்காதீர்கள். குரோம் பதனிட்ட தோல் நனைந்த நிலையில் கொதிநீர்ச் சூட்டைக்கூடத் தாங்கிவிடும். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலோ ஈரத்தில் 75 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கிவிடும். அடுப்போரம் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், தோல் தாங்கும் சூட்டை ஒட்டுப்பசை தாங்காது; முதலில் சோல்தான் பெயரும்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை முழுவதும் உருவி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே போட்டிருக்கும் அட்டையைத் தனியே எடுத்து நிறுத்தி வையுங்கள். ஈரம் ஒளிந்திருப்பது அந்த அட்டையில்தான். அதை எடுக்காமல் எத்தனை நாள் காயவைத்தாலும் வாடை போகாது. பிறகு செய்தித்தாளைக் கசக்கி, விரல் நுனிவரை போகுமாறு திணித்து, மின்விசிறிக்கு அடியில் ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு தாளைத் திணியுங்கள். படுக்கப்போகும்போது மீண்டும் ஒருமுறை மாற்றினால், கேன்வாஸ் ஷூ காலையில் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். தோல் ஷூவுக்கு இரண்டு இரவுகள் வேண்டும். ஆதலால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுவதே மழைக்கால வழி.

மெழுகு பாலிஷ் தோலுக்குள் நீர் இறங்குவதைக் குறைக்கும். தையல் ஊசி போன துளைகளில் மெழுகைத் தேய்க்க மறந்தால் நீர் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். தையல்மேல் விரலால் அழுத்தித் தேயுங்கள்.

வேலூர் செவிலியர்:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு: வெந்நீரில் கால் வைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழந்திருக்கலாம். சூடு தெரியாமலேயே தோல் வெந்து கொப்புளம் ஏற்பட்டு, அது புண்ணாகி, காலையே இழக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. சுடுநீர்ப் பையும் கூடாது, நெருப்பில் காலைக் காட்டுவதும் கூடாது. ஈரத்தைத் துடைத்துவிட்டு உலர்ந்த காலுறையைப் போட்டுக்கொண்டாலே சிறிது நேரத்தில் சூடு திரும்பிவிடும். கால் கழுவும் நீரின் சூட்டைக்கூட அவர் காலால் பார்க்கக் கூடாது, வீட்டில் வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

ரப்பர் செருப்பும் அவருக்கு ஏற்றதல்ல. காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும், கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் உணர்வற்ற பாதங்களைக் காப்பதற்கென்று மென்மையான நுண்துளை ரப்பர் காலணிகளை உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது அதுவே. குதிகாலில் வார் இருக்குமாறு கேட்டு வாங்குங்கள், பெடலிலிருந்து நழுவாது. தினமும் இரவில் அடிப்பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள், அவருக்குக் குனிந்து பார்ப்பது கடினமாக இருக்கும்.

உங்கள் விரலிடுக்கு அரிப்பு சேற்றுப்புண்ணின் தொடக்கமாகத் தெரிகிறது. பூஞ்சைத் தொற்றான அது, விரல்கள் நெருங்கி ஈரம் தங்கும் கடைசி இரு விரல்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் முதலில் வரும். கழுவியபின் ஒவ்வொரு இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்துவிட்டு, குளோட்ரிமசோல் களிம்பைத் தடவுங்கள். அரிப்பு நின்றவுடன் களிம்பை நிறுத்துவதால்தான் பலருக்கும் அது திரும்பி வருகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் தடவ வேண்டும். காலில் கீறலோடு தேங்கிய நீரில் இறங்கி, சில நாட்களுக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மழையோ ஈரமோ இல்லாத நாளிலும் விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தால் அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆரணிக்காரர், ஜெர்மனியிலிருந்து:

இங்கே பனி உறையும் காலத்திலும் மிதிவண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். ஷூவுக்கு மேல் நீர்புகா உறை, உள்ளே ஒரே ஒரு கம்பளிக் காலுறை, அது கொள்ளும் அளவுக்குச் சற்றுப் பெரிய ஷூ, இவ்வளவே போதுமானதாக இருக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் காலுக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி சீக்கிரம் சொதசொதவென்று ஆகிவிடும், காயவும் நேரமெடுக்கும். ஊரில் வாங்கும்போது சீட்டைப் பாருங்கள், கம்பளி என்று விற்கப்படும் பல காலுறைகள் அக்ரிலிக்தான். ஷூவின் முன்பக்கம் வலைத்துணியாக இருந்தால், காற்று நேராக விரல்களில் பாயும். பனிநாட்களில் அந்த இடத்தில் அகலமான டேப்பை ஒட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

லத்தேரி வாசி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் செவிலியர் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். வெந்நீரை விட்டுவிட்டார், செருப்புக்கு அளவு கொடுக்கவும் சம்மதித்துவிட்டார். மட்கார்டில் டியூப் தொங்கவிட்ட பிறகு முதல் மழையிலேயே காலுறையின் முன்பகுதி நனையவில்லை. இனி ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. தை மாதத்தில் நண்பர்களோடு ஏலகிரிக்கு விடியலில் மிதிவண்டியில் ஏறுவதாகத் திட்டம். ஏறும்போது வியர்த்துக் கொட்டும், இறங்கும்போது உறையும் என்கிறார்கள். ஏற்றத்திலிருந்தே பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொள்ளலாமா?

பாகாயம் மிதிவண்டிக்காரர்:

வேண்டாம், தம்பி. அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் பை முழுவதும் வியர்வை நிரம்பி, மழையில் நனைந்த நிலைக்கே பாதம் வந்துவிடும். கயிற்றைத் தளர்த்தி, மெல்லிய காலுறையோடு ஏறுங்கள். இறக்கத்தில் கால் வேலை செய்யாததால் சூடு பிறக்காது, காற்றோ வேகமாக அடிக்கும். ஆகையால் மேலே போய்ச் சேர்ந்ததும், உடல் குளிர்வதற்கு முன்பே ஈரக் காலுறையைக் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறையை மாட்டுங்கள். பையை அப்போது அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சுக்கு ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இறங்கும்போது பெடலை மிதிக்கத் தேவையில்லாவிட்டாலும் இடையிடையே காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வளைவுகளில் மட்டும் சுழற்றுவதை நிறுத்தி, உட்புறப் பெடலை மேலே வைத்துக்கொள்ளுங்கள்.